சம்பளத்தில் 30 சதவீதம் வாடகைக்குப் போகலாமா? மிச்சத்திலிருந்து கணக்குப் போடுங்கள்

வாசகர் கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): என் மாதச் சம்பளம் 50,000. பிடித்தம் போகக் கைக்கு 43,600 வருகிறது. கணவர் வீட்டிலிருந்தே டிசைன் வேலை எடுத்துச் செய்கிறார். அவருக்கு ஒரு மாதம் 12,000 வரும், இன்னொரு மாதம் ஒன்றுமே வராது. நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இப்போது 9,500 வாடகையில் இருக்கிறோம். அலுவலகம் போய்வர நாளுக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது. அலுவலகத்துக்குப் பக்கத்தில் 15,000 வாடகைக்கு ஒரு வீடு வந்திருக்கிறது. மூன்று மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். சம்பளத்தில் 30 சதவீதம் வரை வாடகை கொடுக்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 50,000-க்கு அது சரியாக 15,000 வருகிறது. சேமிப்பில் 90,000 இருக்கிறது. ஆனால் இப்போதே மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை. அந்த வீட்டுக்குப் போகலாமா? எங்கள் வரவு செலவுக் கணக்கை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

இன்றைய நிலையில் அந்த 15,000 வாடகை உங்கள் குடும்பத்துக்குத் தாங்காது. அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே 12,000-க்குள் வீடு கிடைத்தால் தாராளமாகப் போங்கள். இந்த இரண்டு எண்களும் எப்படி வந்தன என்பதைக் கீழே விரிவாக எழுதுகிறேன். இதே முறையில் நாளைக்கு வேறொரு வீடு வந்தாலும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எந்த நாணயத்தில் சம்பளம் வாங்கினாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் எண்களை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அந்த 30 சதவீதத்தைப் பார்த்துவிடுவோம். அது தனியார் வீட்டுக்குக் குடிபோகிறவர்களுக்காக யாரும் ஆராய்ந்து சொன்ன அளவு இல்லை. அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளில் வசித்த ஏழைகளின் வாடகை அவர்கள் வருமானத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 1969-இல் செனட்டர் எட்வர்டு புரூக் கொண்டுவந்த சட்டத்திருத்தம் வரம்பு வைத்தது. 1981-இல் அந்த வரம்பு 30 ஆனது. மானிய வீட்டில் இருப்பவரிடம் அரசு எவ்வளவு வசூலிக்கலாம் என்ற வரம்புதான் நாளடைவில் எல்லோருக்குமான விதியாகிவிட்டது. நியூயார்க் நகரில் வீட்டு உரிமையாளர்கள் பலர் மாத வாடகையைப்போல் 40 மடங்கு ஆண்டுச் சம்பளம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வகுத்துப் பார்த்தால் அதுவும் அதே 30 சதவீதம்தான். வாடகை தவறாமல் வருமா என்பது உரிமையாளரின் கவலை. வாடகை கொடுத்தபின் உங்கள் வீட்டில் என்ன மிஞ்சும் என்பது அவர் கணக்கில் வராது.

சதவீதத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. 20,000 வாங்குபவர் 30 சதவீதம் கொடுத்தால் மிச்சம் 14,000. 2,00,000 வாங்குபவர் அதே 30 சதவீதம் கொடுத்தால் மிச்சம் 1,40,000. மளிகை, மருந்து, பஸ் கட்டணம் எல்லாம் சம்பளம் பார்த்து விலை சொல்வதில்லை. வருமானம் குறையக் குறைய அதில் வாடகை பிடிக்கும் பங்கு கூடிக்கொண்டே போகும் என்று பெர்லின் நகரத்துக் கணக்குகளை வைத்து ஹெர்மன் ஷ்வாபே 1868-லேயே காட்டிவிட்டார். ஒரே சதவீதம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது.

உங்கள் கணக்கில் 30 சதவீதம் வேறு இரண்டு இடங்களிலும் இடிக்கிறது. நீங்கள் வகுத்தது காகிதத்தில் இருக்கும் 50,000-ஐ. கைக்கு வரும் 43,600-ஐ வைத்தால் 15,000 என்பது 34 சதவீதத்துக்கு மேல். அடுத்து, வாடகை மட்டுமே வீட்டுச் செலவு ஆகிவிடாது. நீங்கள் எழுதியபடி அந்த வீட்டுக்கு மெயின்டனன்ஸ் 1,200, கரண்டும் தண்ணீரும் சேர்த்து 1,600. ஆக மொத்தம் 17,800. கைக்கு வரும் சம்பளத்தில் அது ஏறக்குறைய 41 சதவீதம். கணவரின் வருமானத்தில் நம்பக்கூடிய பகுதியைச் சேர்த்தாலும் 37 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட், குடும்பத்தின் செலவிடத்தக்க வருமானத்தில் வீட்டுச் செலவு 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அதை மிகைச்சுமை என்று வகைப்படுத்துகிறது. அந்தக் கோட்டுக்கு மிக அருகில் போய் நிற்கிறீர்கள்.

சரி, எப்படித்தான் கணக்குப் போடுவது? மேலிருந்து சதவீதம் எடுக்காமல், மற்ற எல்லாச் செலவையும் கழித்துவிட்டு மிஞ்சுவது எவ்வளவு என்று பாருங்கள். வீட்டுக்குக் கொடுக்கக்கூடிய தொகை அதுதான்.

வருமானத்திலிருந்து தொடங்குவோம். உங்கள் 43,600 உறுதியானது. அதில் போனஸையும் ஓவர்டைமையும் சேர்க்காதது மிகச் சரி; வாடகை மாதாமாதம் கட்டுவது, போனஸ் அப்படி வருவதில்லை. கணவரின் வருமானத்தை எவ்வளவு என்று எடுப்பது என்பதில்தான் பல குடும்பங்கள் தவறுகின்றன. நீங்கள் அனுப்பிய 12 மாதக் கணக்கு இது: 8,000, 4,000, 12,000, 0, 4,000, 5,000, 7,000, 3,000, 4,000, 6,000, 9,000, 4,000. கூட்டினால் 66,000, சராசரி 5,500. அந்தச் சராசரியை நம்பி வாடகை பேசினால் என்ன ஆகும் என்று பாருங்கள். பன்னிரண்டில் ஏழு மாதம் அவர் 5,500-ஐ எட்டவே இல்லை. அதனால் சராசரியை விட்டுவிட்டு, பத்து மாதமாவது எட்டிய தொகை எது என்று தேடுங்கள். அது 4,000. குறைந்த இரண்டு மாதங்களில் மொத்தம் 5,000 துண்டு விழும். 12,000 வந்த மாதத்தில் 5,000-ஐத் தனியாக எடுத்து வைத்தால் அந்தத் துண்டு அடைபட்டுவிடும். வாடகைக் கணக்குக்கு அவர் வருமானம் 4,000 என்றே வையுங்கள். குடும்ப வருமானம் 47,600.

இனி கழிக்க வேண்டியவை. இரு சக்கர வண்டித் தவணை 3,500, பழைய தனிநபர் கடன் தவணை 2,500. பெற்றோருக்கு அனுப்புவது 3,000. மளிகை, பால், காய்கறி, கேஸ் எல்லாம் சேர்த்து 9,000. மகளின் பள்ளிக்கு 2,000, போன், இன்டர்நெட் 1,100, போக்குவரத்து 3,200, வழக்கமான மருந்து 800, கைச்செலவு 2,000, சேமிப்பு 3,000. இத்தனையும் உங்கள் கணக்கில் இருக்கின்றன. பெற்றோருக்குக் கொடுப்பதை முதல் வரியிலேயே எழுதியிருந்தீர்கள். அதைக் குறைக்கச் சொல்லப் போவதில்லை. கடன் தவணையைப் போலவே அதுவும் உங்களுக்கு மாறாத செலவு.

உங்கள் கணக்கில் இல்லாதது, கடிதத்தில் மட்டும் அங்கங்கே வந்துபோவது, வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவு. இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இன்ஷூரன்ஸ் பிரீமியம் 12,000. வண்டி இன்ஷூரன்ஸும் சர்வீஸும் 9,000. பள்ளி திறக்கும்போது சீருடை, புத்தகம், கட்டணம் என்று 10,000. பண்டிகைத் துணிமணி 12,000. உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு 6,000. மிக்ஸியோ வாஷிங் மெஷினோ பழுதானால் 5,000. மொத்தம் 54,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 4,500. மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது. ஒவ்வொன்றும் வரும்போது ‘இந்த மாதம் மட்டும் எதிர்பாராத செலவு’ என்று தோன்றும். ஆனால் பள்ளி எந்த மாதம் திறக்கும், பிரீமியம் எந்தத் தேதியில் வரும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்தவைதானே. பழுதுச் செலவு ஒன்றுதான் தேதி சொல்லாமல் வரும். இந்த 4,500-ஐச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

இப்போது கூட்டினால் 34,600. வருமானம் 47,600-இல் அதைக் கழித்தால் 13,000. வாடகை, மெயின்டனன்ஸ், கரண்ட், தண்ணீர் எல்லாம் சேர்த்து வீடு என்ற ஒன்றுக்கு நீங்கள் செலவிடக்கூடிய உச்சம் இது. இப்போதைய வீட்டுக்கு 9,500 வாடகையும் 1,400 பில்களுமாக 10,900 ஆகிறது. ஏட்டில் பார்த்தால் மாதம் 2,100 மிஞ்ச வேண்டும்.

ஆனால் மிஞ்சவில்லை என்கிறீர்கள். அப்படியானால் எழுதாத செலவு இன்னும் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஞாபகத்தை நம்ப வேண்டாம். கடந்த மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுங்கள். மூன்று மாதத் தொடக்கத்தில் இருந்த இருப்போடு அந்த மூன்று மாத வரவைக் கூட்டி, கடைசியில் இருந்த இருப்பைக் கழியுங்கள். அதை மூன்றால் வகுத்தால் மாதம் உண்மையில் வெளியே போன பணம் வரும். சேமிப்புக் கணக்குக்கு நீங்களே மாற்றிய தொகையை அதில் கழித்துவிடுங்கள். கிரெடிட் கார்டு இருந்தால் கட்டிய தொகையை விட்டுவிட்டு பில்லில் வந்த தொகையைச் சேருங்கள். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிய மாதத்தில் செலவு குறைந்ததுபோல ஏமாற்றும். உண்மைச் செலவு நீங்கள் எழுதியதைவிட 1,500 கூடுதலாக வந்தால், 13,000 என்ற உச்சமும் 11,500 ஆகக் குறைந்துவிடும். புது வீட்டைப் பற்றி யோசிக்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை இது. ஒரு மாலைப்பொழுது போதும்.

அடுத்து அந்த 15,000 வீடு. அது அலுவலகத்துக்குப் பக்கத்தில் என்பதால் போக்குவரத்துச் செலவு 3,200-இலிருந்து 1,400 ஆகும் என்று எழுதியிருக்கிறீர்கள். மிச்சமாகும் 1,800-ஐ வீட்டுப் பக்கம் சேர்ப்பது நியாயம். உச்சம் 14,800 ஆகிறது. வீடு கேட்பதோ 17,800. மாதம் 3,000 துண்டு விழுகிறது. நீங்கள் சேமிக்கும் தொகையும் அதே 3,000. அதாவது இந்த வீட்டுக்குப் போனால் சேமிப்பு அப்படியே நின்றுவிடும், வேறு எதுவும் குலையாமல் இருந்தால். கணவருக்கு வேலை வராத மாதம் ஒன்று வந்தால் கிரெடிட் கார்டில்தான் போய் நிற்பீர்கள். 14,800-இல் மெயின்டனன்ஸும் பில்களுமாக 2,800-ஐக் கழித்தால் வாடகைக்கு 12,000. நான் தொடக்கத்தில் சொன்ன எண் இதுதான். அலுவலகத்துக்குத் தொலைவிலேயே வேறு வீடு பார்த்தால் 13,000-இலிருந்து கழிக்க வேண்டும்; மெயின்டனன்ஸ் வாங்காத வீடாக இருந்தால் 11,400, வாங்குவதாக இருந்தால் 10,200.

நேரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் எடுக்க வேண்டும். நாளுக்கு ஒன்றரை மணி நேரம் மிச்சமானால் 22 வேலை நாட்களில் 33 மணி நேரம். புது வீட்டுக்குக் கூடுதலாக ஆவது, போக்குவரத்து மிச்சம் போக, மாதம் 5,100. மணிக்கு ஏறத்தாழ 155. நீங்கள் ஒரு மணி நேரம் உழைத்துக் கைக்குப் பெறுவது, நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால், 248 அருகில். அப்படிப் பார்த்தால் அந்த நேரம் விலை போட்டு வாங்கத் தகுந்ததுதான். நான்கு வயதுக் குழந்தை வீட்டில் காத்திருக்கும்போது அதற்கு மதிப்பு இன்னும் கூடும். பக்கத்தில் குடிபோக வேண்டும் என்ற உங்கள் ஆசை சரியானது என்பதால்தான் 12,000-க்குள் அங்கேயே தேடுங்கள் என்கிறேன். ஆனால் மிச்சமான மணி நேரம் ஒன்றாம் தேதி வாடகையாக மாறாது. 3,000 துண்டை அடைக்கப் பணம்தான் வேண்டும். ஒரு படுக்கையறை குறைவான வீடு, மேல்மாடி, லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம் ஆகியவற்றையும் பாருங்கள். பழைய கட்டடங்களில் பெரும்பாலும் மெயின்டனன்ஸும் குறையும். குறைந்தால் அந்த மிச்சத்தை வாடகையில் ஏற்றிக்கொள்ளலாம்.

குடிபோகும் செலவையும் பார்த்துவிடுவோம். 15,000 வீட்டுக்கு அட்வான்ஸ் 45,000, முதல் மாத வாடகை 15,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 15,000, சாமான் ஏற்றி இறக்க 6,000, திரைச்சீலை, பல்பு, ஆணி அடிப்பது, பிளம்பர் என்று 4,000. மொத்தம் 85,000. பழைய வீட்டுக்கு ஒரு மாத நோட்டீஸ் காலம் உண்டு. புது வீட்டுச் சாவி உடனே வாங்க வேண்டியிருந்தால் அந்த மாதம் இரண்டு வீட்டுக்கும் வாடகை, இன்னொரு 9,500. ஆக 94,500. உங்களிடம் இருப்பது 90,000. பழைய அட்வான்ஸ் 30,000 வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது காலி செய்தபின் வருவது. பெயின்ட் அடிக்க, பழுது பார்க்க என்று பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பதும் உண்டு. புது வீட்டு அட்வான்ஸ் கொடுக்க அந்தப் பணம் உதவாது.

அதே கணக்கு 12,000 வீட்டுக்கு: 36,000, 12,000, 12,000, 6,000, 4,000. மொத்தம் 70,000. நோட்டீஸ் முடியும் தேதியையும் புது வீட்டின் முதல் தேதியையும் ஒட்டவைத்துப் பேசினால் இரட்டை வாடகை வராது. கையில் 20,000 நிற்கும், பழைய அட்வான்ஸ் முழுதாக வந்தால் 50,000. ஒரு மாதக் குடும்பச் செலவுக்குச் சற்று மேல். இது குறைவுதான், ஆனாலும் திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் கடன் கேட்டு ஓட வேண்டியிருக்காது. சேமிப்பை எடுத்து வண்டிக் கடனை மொத்தமாக அடைத்துவிட்டால் மாதம் 3,500 மிஞ்சுமே என்றும் கேட்டிருந்தீர்கள். அடைக்கலாம், ஆனால் அந்தப் பணம்தான் அட்வான்ஸுக்கும் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய 90,000 போதாது.

வண்டிக் கடனுக்கு இன்னும் எட்டுத் தவணைதான் பாக்கி என்பது உங்களுக்குச் சாதகம். அது முடிந்ததும் வாடகை உச்சம் 12,000-இலிருந்து 15,500 ஆகிறது. அப்போது 15,000 வீடு எட்டிவிடும். எட்டினாலும் மிச்சம் 500 மட்டுமே. முதல் வாடகை ஏற்றத்திலேயே அது கரைந்துவிடும். அதனால் அப்போதும் 14,000-ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து.

வாடகை ஏற்றத்தைப் பலர் ஒப்பந்தத்தில் படித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். 12,000 வாடகை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் மூன்று ஏற்றத்துக்குப் பின் 13,890 அருகில் நிற்கும். 10 சதவீதம் ஏறினால் 15,972. இன்று நமக்குத் தாங்காது என்று ஒதுக்கிவைக்கும் 15,000-ஐயே அது தாண்டிவிடுகிறது. சம்பளம் அதே வேகத்தில் ஏறாவிட்டால் மூன்றாம் ஆண்டு முடிவில் மறுபடி வீடு மாற்ற வேண்டும், மறுபடி புரோக்கர், மறுபடி வண்டி வாடகை. ஆகவே 12,000 சொல்லி 10 சதவீதம் ஏற்றும் வீட்டைவிட, 12,500 சொல்லி 5 சதவீதம் ஏற்றும் வீட்டோடு 12,000-க்குப் பேரம் பேசிப் பாருங்கள். மூன்று வருடம் இருப்போம் என்று உறுதியாகச் சொல்கிற குடும்பத்துக்குக் கொஞ்சம் இறங்கிவர உரிமையாளர்கள் பலர் தயார். ஆள் மாறினால் அவர்களுக்கும் ஒரு மாதம் வீடு பூட்டிக்கிடக்கும்.

இந்தக் கணக்கு காகிதத்தில் சரி, நடைமுறையில் எப்படி என்ற சந்தேகம் இருந்தால் ஒத்திகை பார்த்துவிடலாம். 12,000 வீட்டுக்குப் பில்களோடு 14,800 ஆகும். போக்குவரத்தில் மிச்சமாகும் 1,800-ஐக் கழித்தால் 13,000. இப்போது 10,900 கொடுக்கிறீர்கள். வித்தியாசம் 2,100. அடுத்த மாதத்திலிருந்து சம்பளம் வந்த அன்றே 2,100-ஐ எடுத்து வேறு கணக்கில் போடுங்கள், வழக்கமான 3,000 சேமிப்பும் 4,500 ஆண்டுச் செலவுப் பணமும் தனி. மூன்று மாதம் அதைத் தொடாமல் ஓட்ட முடிந்தால் 12,000 வீடு உங்களுக்குத் தாங்கும். இரண்டாவது மாதமே எடுக்க வேண்டி வந்தால் எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும், வீடு மாற்றாமலேயே. 15,000 வீட்டில்தான் மனம் நிற்கிறது என்றால் இதே ஒத்திகையை 5,100 வைத்துச் செய்து பாருங்கள். ஒத்திகையில் சேர்ந்த பணம் குடிபோகும் செலவுக்கு உதவும்.

வீடு பிடித்துப்போய்ப் பேசும்போது வாடகையோடு இவற்றையும் கேட்டு வாங்குங்கள்: கடந்த கரண்ட் பில்களில் மூன்று, அதில் ஒன்றாவது வெயில் மாதத்துப் பில். உங்கள் வீட்டுக்குத் தனி மீட்டரா, இல்லை யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் வாங்குகிறாரா. மெயின்டனன்ஸில் தண்ணீர் அடங்குமா. காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், அதற்கு முன் போனால் அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள். பெயின்ட் செலவு யாருடையது. ஏற்றம் எத்தனை சதவீதம், எந்த மாதத்திலிருந்து. வாயால் சொல்வதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கரண்டும் தண்ணீரும் சேர்த்து நீங்கள் நினைத்த 1,600-க்குப் பதில் 2,400 என்று தெரிந்தால், வாடகையாகக் கொடுக்கக்கூடியது 12,000 இல்லை, 11,200. பேரத்தை அந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள்.